செதிலே அழகாகும் கோய் மீன்கள்

கோய் என்னும் அலங்கார மீனைப் பற்றிப் பேசுவோர் அதன் சிவப்பு, வெள்ளை, கறுப்பு நிறத் திட்டுகளையே பெரிதும் எடுத்துரைப்பர். ஆனால் நிறத்தைக் காட்டிலும் செதிலின் அமைப்பால் அடையாளம் பெறும் வகைகளும் அவற்றுள் உண்டு என்பதும், வளர்ப்பாளரின் தேர்ச்சி கடுமையாகச் சோதிக்கப்படுவது அவ்வகைகளில்தான் என்பதும் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஜப்பானின் நீகாத்தா மாநிலத்து மலைக் கிராமங்களில் உணவுக்காக வளர்க்கப்பட்ட சாதாக் கெண்டைகளிடையே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிறம் மாறிய சில மீன்கள் தோன்ற, அவற்றைத் தனியே பிரித்துத் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்ததன் பயனே இன்றைய கோய். குளக்கரையில் நின்று மேலிருந்து பார்ப்பதற்கென்றே வளர்க்கப்படும் மீன் என்பதால், அதன் முதுகில் ஒரு செதில் இடம் மாறியிருந்தாலும் பழகிய கண்ணுக்கு அது உடனே புலப்பட்டுவிடும்.

செதில் வகைகளுள் தொன்மையானது அசாகி. இதன் முதுகுச் செதில் ஒவ்வொன்றும் நடுவில் நீலம் அடர்ந்தும் விளிம்பில் வெளிறியும் இருப்பதால், செதில்கள் ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, வெளிறிய விளிம்புகள் இணைந்து உடல் முழுவதும் வலைப்பின்னலாகத் தெரிகின்றன. முடிச்சிட்டுச் சாயமேற்றும் துணிக்குப் பெயர்பெற்ற நருமி என்னும் ஊரின் பெயரை இதன் ஒரு பிரிவு தாங்கியிருப்பதற்கும் இப்பின்னலே காரணம். தலையின் பின்புறத்தில் தொடங்கும் வலை வால் அடிவரை அறுபடாமல் செல்ல வேண்டும், தலையில் கரும்புள்ளி எதுவும் இருக்கக் கூடாது, கன்னங்களிலும் வயிற்றோரத்திலும் பக்கத் துடுப்புகளின் அடியிலும் மட்டுமே சிவப்பு இருக்க வேண்டும் என்பன இதற்குரிய அளவுகோல்கள். வயது ஏற ஏற வயிற்றுச் சிவப்பு மேலேறி நீலத்தை மூடுவதும், தலையில் புள்ளிகள் தோன்றுவதும் இவ்வகையில் அடிக்கடி நேர்வதால், முதிர்ந்த பின்னும் தூய்மை குன்றாத அசாகி அரிதாகவே கிடைக்கிறது.

இதற்கு நேர்மாறானது செதிலை இழந்த தொயித்சு வகை. செதில் குறைவாக இருந்தால் சமையலுக்குச் சுத்தம் செய்வது எளிது என்பதால் ஐரோப்பாவில் மதிக்கப்பட்ட கண்ணாடிக் கெண்டை, 1904இல் ஜெர்மனியிலிருந்து உணவு மீனாகவே ஜப்பானுக்கு வந்து சேர்ந்தது. அதனை அசாகியோடு கலந்து, 1910 வாக்கில், டோக்கியோவைச் சேர்ந்த அகியாமா கிச்சிகொரோ உருவாக்கியதே ஷூசுய்: வழவழப்பான வெற்றுத்தோலில், முதுகுத் துடுப்பின் இருமருங்கிலும் கருநீலப் பெருஞ்செதில்கள் இரண்டு வரிசைகளாகத் தோளிலிருந்து வால்வரை ஓடும் மீன் இது. வரிசைகள் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். வரிசைக்கு வெளியே தோள்மேல் தனித்து நிற்கும் ஒரேயொரு செதில்கூட மீனின் மதிப்பைக் குறைத்துவிடும்.

இச்செதில் இழப்பை ஆள்பவை இரண்டு மரபணுக்கள். முதல் மரபணுவின் மாறிய வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு வடிவம் என்பதால், கலப்பற்ற முழுச்செதில் மீனோடு தொயித்சுவைச் சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் அனைத்தும் முழுச்செதிலோடு இருக்க, அவற்றைத் தமக்குள் சேர்க்கும்போதுதான் நான்கில் ஒரு பங்கு தொயித்சுவாக மீள்கிறது. இரண்டாவது மரபணுவின் மாறிய வடிவமோ ஒற்றையாக வந்தாலே செதிலை மேலும் குறைத்துவிடும். இரட்டையாக வந்தால் கரு பிழைப்பதில்லை. ஏறக்குறைய செதிலே இல்லாத தோல் கெண்டைகள் இரண்டை இணைத்தால் கருக்களில் கால்வாசி மடிவது இதனால்தான். கண்ணாடிக் கெண்டையில் மாறியிருப்பது செல்களுக்கு வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் ஏற்பிப் புரதம் ஒன்றின் மரபணு என்று 2009இல் கண்டறியப்பட்டது. உயிருக்கே இன்றியமையாத அம்மரபணு கெண்டை மீனில் இரண்டு படிகளாக இருப்பதால், ஒரு படி பழுதானாலும் மற்றது கருவைக் காத்துவிட, இழப்பு செதிலோடு நின்றுவிடுகிறது. மனிதர் விரும்பிய ஓர் அழகு இத்தகைய நுண்ணிய ஏற்பாட்டின்மேல் நிற்பது வியப்புக்குரியது.

செதில் மின்னுவதால் பெயர்பெற்றது கின்கின்ரின். முஷிகாமே கிராமத்தில் ஹோஷினோ எய்சபுரோ 1929இல் வளர்த்தெடுத்த இவ்வகையில், குவானின் என்னும் பொருளின் படிகங்கள் செதிலில் படிந்து ஒளியைத் திருப்பியனுப்புகின்றன. அவ்வொளி வெண்மையின்மேல் வெள்ளியாகவும் சிவப்பின்மேல் பொன்னாகவும் தோன்றுகிறது. செதில் முழுதும் சீராக மின்னுவதும், ஹிரோஷிமாப் பகுதியில் தோன்றிய வைர வகையில் ஒளி சிதறிப் பளிச்சிடுவதும், முத்து வகையில் செதிலின் நடுவே புடைத்து நிற்பதும் இதன் பிரிவுகள். மின்னல் மிகுந்தால் நிறத் திட்டுகளின் விளிம்பு மங்கிவிடுவதால், இரண்டும் கெடாமல் அமைந்த மீனே உயர்ந்தது.

அசாகியின் வலையைச் சிவப்புத் திட்டுக்குள் மட்டும் கொண்டிருக்கும் கொரோமோ வகையில் தேர்வு இன்னும் கடினமானது. சிவப்புச் செதிலின் விளிம்பில் பிறைவடிவில் படியும் கருநீலம் வயதோடு அடர்ந்துகொண்டே போவதால், இளமையிலேயே நிறைவாகத் தெரியும் குஞ்சு பின்னாளில் கறுத்துப் போக வாய்ப்புண்டு. ஆகவே தேர்ந்த வளர்ப்பாளர் பிறை இன்னும் வெளிறியிருக்கும் குஞ்சுகளையே குளத்தில் நிறுத்திக்கொண்டு, அது முதிர்வதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர்.