83 மடங்கு என்றால் எவ்வளவு தூரம்?

கட்டாரிலிருந்து திரும்பி வந்த சாச்சா தமது கமராவை விற்கப் போகிறார். நிக்கொன் நிறுவனம் 2015இல் வெளியிட்ட கூல்பிக்ஸ் பி900 என்ற மாதிரி அது. வாங்குவதென்றால் இரண்டு வேலைகளுக்கு அது உதவ வேண்டும் என்பது வாப்பாவின் நிபந்தனை. ஒன்று, புத்தளம் களப்பின் பறவைகளை நான் படம் பிடிப்பது. மற்றது, அடுத்த வருடம் நடக்கவிருக்கும் ராத்தாவின் கலியாணம். "பௌதிகம் படிக்கிற பிள்ளைதானே, ரெண்டு கிழமை வெச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க மகள்" என்றார். அப்படிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் 83 மடங்கு என்ற எண். கண்ணுக்குத் தெரிவதைவிட 83 மடங்கு பெரிதாகக் காட்டும் என்றே என் வகுப்புத் தோழிகள் பலரும் நினைத்தார்கள். உண்மையில் அது ஒரு விகிதம். வில்லையின் மிகக் கூடிய குவியத்தூரமான 357 மில்லிமீற்றரை, மிகக் குறைந்த குவியத்தூரமான 4.3 மில்லிமீற்றரால் வகுத்தால் 83 வரும். பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் கமராவின் கணக்குக்கு மாற்றி, இதை 24 முதல் 2000 வரை என்பார்கள். எவ்வளவு தூரம் எட்டும் என்பதை அந்தக் கடைசி எண்தான் சொல்கிறது. 2000இல் வைத்துப் பார்த்தால், 100 மீற்றருக்கு அப்பால் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மீற்றர் அகலமான இடம் மட்டும் படம் முழுவதையும் நிரப்பும். கெனனின் எஸ்எக்ஸ்70 எச்எஸ் 65 மடங்கு மட்டுமே, 1365இல் நின்றுவிடும். ஆனால் அது 21இல் தொடங்குவதால், சிறிய அறைக்குள் குடும்பம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க அதுவே வசதி.

இதற்கும் அப்பால் கமரா இன்னும் பெரிதாக்கிக் காட்டும். அது டிஜிற்றல் சூம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெருப்பிப்பதுதான் அது. கைத்தொலைபேசி விளம்பரங்களில் வரும் 100 மடங்கிலும் பெரும் பங்கு இந்த வகைதான்.

இவ்வளவு நீண்ட வில்லை 900 கிராமுக்குள் எப்படி அடங்கியது? படம் பதியும் உணரி மிகச் சிறியது என்பதே விடை. அதன் அகலம் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். சின்னவிரல் நகத்துக்குக்கூட வராது. பிலிம் சட்டத்தின் அகலமோ 36 மில்லிமீற்றர். உணரி சிறிதானால் சிறிய வில்லையே போதும். ஆனால் சிறிய உணரி சேகரிக்கும் ஒளியும் குறைவு. அதோடு, முழுதாக நீட்டும்போது வில்லையின் துவாரம் எஃப் 2.8இலிருந்து எஃப் 6.5க்குப் போகிறது. இரண்டையும் வகுத்து வர்க்கித்துப் பாருங்கள்; ஒளி ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடும். இந்தக் கமராவின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஒரு கணக்குக்குள் இருக்கின்றன.

காலை ஏழு மணிக்குக் களப்புக் கரையில் நின்றபோது நல்லதைக் கண்டேன். எட்ட இருந்த கட்டையில் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்த நீர்க்காகத்தின் கண்ணின் பச்சை நிறம் வரை தெரிந்தது. கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. ஆயினும் மதிலில் முழங்கையை ஊன்றி எடுத்த படங்கள்தான் கூடுதலாகத் தெளிந்து வந்தன. பத்து மணிக்குப் பிறகு அதே இடத்தில் எதுவும் சரிவரவில்லை. சூடேறிய காற்று நீருக்கு மேல் அலைய, கொக்கின் கழுத்து நெளிந்து தெரிந்தது. எத்தனை இலட்சம் கொடுத்து வாங்கிய வில்லையாலும் இடையிலுள்ள காற்றைத் துடைக்க முடியாது. பறக்கும் செம்பருந்தைப் பின்தொடர்வதும் பெரும்பாடு. சட்டத்திலிருந்து பறவை தப்பிவிட்டால், வில்லையின் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்திக் காட்சியைச் சற்று அகலமாக்கித் தேடலாம். அதற்குள் அது கரைத்தீவுப் பக்கம் போயிருக்கும்!

சந்திரனை எடுப்பது இலகு. சட்டத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு அது நிறைந்து நிற்கும், குழிகளை எண்ணலாம். முக்காலியில் வைத்தாலும் இரண்டு நிமிடத்தில் அது தன் அகலமளவு நகர்ந்துவிடும். உண்மையில் நகர்வது நாம் நிற்கும் பூமிதான். தலைப்பிறையைத் தேட இது உதவுமா என்று தம்பி கேட்டான். முழுதாக நீட்டினால் வானத்தில் ஒரு பாகை அளவே தெரியும். எங்கே இருக்கிறது என்பதைக் கண்தான் முதலில் கண்டுபிடித்துத் தர வேண்டும். சூரியன் மறையுமுன் அந்தப் பக்கம் நீட்டிப் பிடிக்கவும் கூடாது, உணரி பழுதடையலாம்.

இனிக் கலியாணம். இரவில் ரியூப் வெளிச்சத்தில் ராத்தாவை நடக்கச் சொல்லி எடுத்தேன். முகம் கலங்கியது, தெளிவாக்க முயன்றபோது படம் முழுவதும் மணல் தூவியதுபோல் புள்ளிகள். உம்மாவின் தொலைபேசி அதே அறையில் இதைவிட நன்றாக எடுத்தது. தொலைபேசி அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதால் அப்படி. முழுதாக நீட்டினால் 5 மீற்றருக்குக் கிட்ட உள்ள எதிலும் குவியம் விழாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மண்டபத்துக்குள் அந்த 2000 வெறும் சுமை.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அடுத்த தெருவின் வீட்டு யன்னல், கொடியில் காயும் உடுப்பு, முற்றத்தில் நிற்கும் பெண்களின் முகம் எல்லாம் தெரியும். அவர்களுக்கு நம்மைத் தெரியாது. ஆகவே மாடியிலிருந்து வானத்தை மட்டும் எடுப்பது என்று உம்மா சட்டம் போட்டார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பிள்ளைக்கு இப்படியொரு கமரா வாங்கிக் கொடுக்கும் வீட்டில் இதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.

பழைய கமரா வாங்குவோர் வில்லையைப் பல தடவை முழுதாக நீட்டிச் சுருக்கிப் பாருங்கள். திக்கினாலோ கரகரத்தாலோ விட்டுவிடுவது நல்லது. கடை வாசலுக்கு வந்து, தெருக் கோடியிலுள்ள பெயர்ப்பலகையைப் பத்துப் படம் எடுத்து, எத்தனை தெளிவாக இருக்கின்றன என்று எண்ணுங்கள்.

சாச்சாவின் கமரா இவற்றிலெல்லாம் தேறியது. களப்புக்கு இது போதும், கலியாணத்துக்கு ஆகாது என்று வாப்பாவிடம் சொன்னேன். இரண்டுக்கும் ஆகும் என்று சொல்லியிருந்தால் அன்றே வாங்கியிருப்பார். அது எனக்கும் தெரியும். "அப்ப படம் எடுக்கிற ஆளுக்கும் வேற காசு வேணுமே" என்று சொல்லிவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறார். சாச்சா விலையைக் கொஞ்சம் குறைப்பாரா என்று கேட்டுப் பார்ப்பதாக உம்மா சொல்லியிருக்கிறார்.