உங்களுக்குத் தெரியுமா? புதிய புஷ்ஷைக் கிழிக்கும் அவசர முறுக்கு

• கார் உயர்த்தப்பட்டு, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் போல்ட்டுகள் முழுமையாக இறுக்கப்பட்டால், ஆர்மைச் சட்டகத்துடன் இணைக்கும் உருளை வடிவ ரப்பர் மெத்தையான புஷ், கார் தரையிறங்கியதும் முறுகிய நிலையிலேயே நின்று, புதியதாயினும் விரைவில் கிழிந்துவிடும்.

• பெரும்பாலான ரப்பர் புஷ்கள் பேரிங்கைப் போலச் சுழல்வதில்லை. உட்குழாயைப் போல்ட் இறுகப் பிடித்துக்கொள்வதால், ரப்பர் முறுகியே ஆர்மின் அசைவுக்கு இடமளிக்கிறது.

• எனவே, எடை சக்கரங்களின் மேல் அமர்ந்து, கார் இயல்பான உயரத்தில் நிற்கும்போதே, தயாரிப்பாளர் குறிப்பிட்ட முறுக்குவிசைக்கு ஆர்ம் போல்ட்டுகள் இறுக்கப்பட வேண்டும்.

• சஸ்பென்ஷன் வேலையில் இன்னொரு எச்சரிக்கை: மேக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றிணைந்த தொகுதி, கழற்றிய பின்னும் வில்லை அழுத்தியே வைத்திருப்பதால், வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரசர் இன்றி அதன் மேல்நட்டைத் திறப்பது உயிருக்கே ஆபத்தாகும்.