ஒரு கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் உள்ள பிள்ளையார்குப்பத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதைப் போன்ற பெரிய மருத்துவமனை ஒன்றின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் வெளிநோயாளிச் சீட்டுப் பதிவு, நண்பகலில் இரத்தப் பரிசோதனை முடிவுகள், இரவில் கணக்குவழக்கு. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சர்வர் வாங்கினால், ஒவ்வொன்றும் நாளின் பெரும்பகுதி சும்மா இருக்கும் அல்லவா?

ஒரே சர்வரை மென்பொருளின் உதவியால் பல கணிப்பொறிகளாக இயங்கச் செய்யலாம். இவற்றை மெய்நிகர்க் கணிப்பொறிகள் என்பர். இது புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே 'வி.எம்./370' என்ற பெயரில் இத்தகைய மென்பொருளை வெளியிட்டது.

எவ்வளவு பெரிய சர்வர் தேவை? ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். உச்ச வேளையில் பதிவுக்கு 12, பரிசோதனைக்கு 8, கணக்குக்கு 10 பிராசஸர் கோர்கள் வேண்டும் எனக் கொள்வோம். கூட்டினால் 30. ஆனால் உச்சங்கள் ஒரே வேளையில் வருவதில்லை. காலையில் 12+3+1=16; நண்பகலில் 5+8+1=14; இரவில் 1+2+10=13. ஆகவே 16 போதும்போல் தோன்றுகிறது.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து உண்டு. வேலைகள் சீராக வருவதில்லை. முன்பின்னாக வந்து குவிகின்றன. ஒரே கோர் இப்படி வரும் வேலைகளைக் கவனிக்கும்போது, அது 50 விழுக்காடு நேரம் உழைத்தால் ஒரு வேலை முடியச் சராசரியாக இருமடங்கு நேரமாகும். 80 விழுக்காட்டில் ஐந்து மடங்கு. 90-இல் பத்து மடங்கு! கோர்கள் பல இருந்தால் தாமதம் குறையும். ஆயினும் போக்கு இதுவே. எனவே 70 விழுக்காட்டுக்கு மேல் போகாதபடி 16-ஐ 0.7-ஆல் வகுத்து, ஏறத்தாழ 23 கோர்கள் என முடிவு செய்வது நல்லது.

பிராசஸரை முறைவைத்துப் பகிரலாம். நினைவகம் அப்படியன்று, ஒவ்வொரு மெய்நிகர்க் கணிப்பொறியும் தன் பங்கைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே அதைக் கூட்டித்தான் கணக்கிட வேண்டும்.

சேமிப்பிலோ, கொள்ளளவை மட்டும் பார்த்து ஏமாறுவோர் பலர். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் காந்தவட்டு, அங்கங்கே சிதறிய தகவல்களை நொடிக்கு ஏறக்குறைய 80 முறையே தேடி எடுக்கும். நொடிக்கு 2,000 முறை தேவையானால், தகவல் முழுவதும் ஒரே வட்டில் அடங்கினாலும் 25 வட்டுகள் வேண்டும். சுழலும் பாகமே இல்லாத திண்மநிலைச் சேமிப்பான்கள் இதைத் தனியாகவே செய்துவிடும்.

உச்சங்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும்? 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயது நிரம்பியோருக்குக் கொரோனாத் தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் தொடங்கியது. அப்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 27 லட்சம் வேண்டுகோள்கள் குவிந்தன. அதாவது நொடிக்கு 45,000! நாள் முழுவதுக்குமான சராசரியை நம்பித் திட்டமிட்டால் இத்தகைய நிமிடத்தைச் சமாளிக்க முடியாது.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். உங்கள் ஊர் அஞ்சலகத்துக்கு மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என ஒரு நாள் எண்ணிக் குறியுங்கள். சராசரி ஒன்று சொல்லும்; வரிசையின் கடைசியில் நிற்பவர் வேறொன்று சொல்வார். திட்டமிடுபவர் கேட்க வேண்டியது அவர் சொல்லைத்தான்.