சித்திர சபையில் காண்பவன் யார்?

தென்காசியில் காசி விசுவநாதரை வணங்கிவிட்டுக் குற்றாலம் செல்லும் அன்பர்கள் பலர், அருவியில் நீராடி, குற்றாலநாதரையும் குழல்வாய்மொழியம்மையையும் தரிசித்ததும் ஊர் திரும்பிவிடுகின்றனர். சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தருகே தனித்து விளங்கும் சித்திர சபைக்குச் செல்ல மறந்துவிடுகின்றனர்.

கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் இது ஒன்று. தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம். குற்றாலத்தில் மட்டும் பெருமான் ஓவியமாகவே வழிபடப் பெறுகிறார்.

எந்தச் சுவரோவியத்தையும் ஒட்டி நின்று பார்த்தால் கோடும் வண்ணமுமே தெரியும். நான்கடி பின்வாங்கினால்தான் உருவம் முழுமையாகத் துலங்கும். காண்பதற்கு இடைவெளி வேண்டும்.

அண்டத்தை ஆராய்வோர்க்கு அந்த வசதி இல்லை. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். மிகத் தொலைவிலிருந்து ஒளி வந்துசேர அத்தனை காலமும் போதவில்லை. தொலைநோக்கி எவ்வளவு பெரிதானாலும் அந்த எல்லையைக் கடக்காது. அன்றியும், விலகி நின்று காண அண்டத்துக்கு வெளியே இடம் ஏது? 1933ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் உபநிடதங்களைப் போற்றியவர். உலகின் படத்தை வரையும் அறிவியல், அறிபவனை அப்படத்திலிருந்து விலக்கியே வரைகிறது என்பது அவர் கருத்து.

தன்னைத்தான் காண்பதோ இன்னும் கடினம். வங்கிக் கிளையொன்றின் கணக்கைத் தணிக்கை செய்ய வெளியிலிருந்து ஓர் அலுவலர் வருவார். இந்தக் கணக்குக்கு வெளியாள் கிடையாது.

ஆதிசங்கரர் பெயரால் வழங்குவதும், பகவான் ரமணர் தமிழ் உரைநடையில் தந்ததுமான ‘த்ருக் த்ருச்ய விவேகம்’ இதைப் படிப்படியாக விளக்குகிறது. உருவத்தைக் கண் காண்கிறது. கண்ணின் நிலையை மனம் அறிகிறது. மனத்தின் அலைவுகளைச் சாட்சி அறிகிறது. சாட்சியை அறிய வேறொன்று இல்லை. அது காணப்படும் பொருளாவதே இல்லை.

கண்புரை படர்ந்த முதியவர்க்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. சபையில் நிற்கையில் வண்ணங்கள் கலங்குகின்றன. “பார்வை மங்கிவிட்டது” என்கிறார். அந்த மங்கலை இவ்வளவு தெளிவாக அறிவது எது? பேரனின் பெயர் நாவில் வராதபோது, “மறந்துவிட்டேனே” என்று வருந்துகிறார். மறதியை மறவாமல் அறிவது எது?

மறதிநோய் முற்றியவரிடம் அந்த வருத்தமும் நின்றுவிடுகிறது. அருகிருந்து சோறூட்டுவோர்க்கு அந்த வேதனை தெரியும். அவர்களிடம் சாட்சியைப் பற்றிப் பேசுவது எளிதன்று. ஆழ்துயிலில் ஒன்றுமே தெரியாதிருந்தவர், விழித்ததும் “சுகமாய்த் தூங்கினேன்” என்று சொல்வதைப் பெரியோர் சான்றாகக் காட்டுவர். அச்சான்றும் துயின்றவருக்கே உரியது. அருகிலிருப்பவர் அதை உள்ளே நுழைந்து சரிபார்க்க இயலாது.

மார்கழித் திருவாதிரையில் சித்திர சபையில் தாண்டவ தீபாராதனை சிறப்பாக நடைபெறும், கூட்டமும் மிகுதி. நின்று நிதானமாகக் காண விழையும் முதியோர், மூக்குக் கண்ணாடியை மறவாமல், வேறொரு நாளில் காலையில் செல்வது நலம்.