விஞ்ஞானியின் பெயர் கலைச்சொல்லான கதை

‘பெட்டியின் மீது 20 நியூட்டன் விசை செயல்படுகிறது’ என்று பயிற்சிப் புத்தகத்தில் எழுதும்போது, மாணவர்களே, உங்களில் யாரும் ஐசக் நியூட்டன் என்ற மனிதரை நினைப்பதில்லை. பெயர் அங்கே அலகாகிவிட்டது. அதனால்தான் ஆங்கிலத்தில் அந்த மனிதரின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கும் நாம், அலகின் பெயரைச் சிறிய எழுத்தில் தொடங்குகிறோம். குறியீட்டுக்கு மட்டும் பெரிய எழுத்து. தேர்வில் பலர் குழம்பும் இடம் இது.

சில பெயர்கள் இன்னும் அதிகமாக உருமாறும். 1924இல் டாக்காவில் பணியாற்றிய சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களைப் புதிய முறையில் எண்ணிக் காட்டிய கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் தாமே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளிவரச் செய்தார். அந்தக் கணக்குக்குக் கட்டுப்படும் துகள்களைப் பின்னாளில் பால் டிராக் ‘போசான்’ என்று அழைத்தார். எலக்ட்ரானிலும் புரோட்டானிலும் இருக்கும் வால் போஸின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது.

பெயர் சூட்டியவர் போஸ் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் அப்படித்தான். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கல்கத்தாவில் ராமன் கண்டது என்ன? ஒளி மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது அதில் மிகச் சிறிய பகுதி தன் அலைநீளத்தை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்தின் அளவைக் கொண்டு, ஒளி பட்ட பொருள் எது என்று கண்டறியலாம். அடுத்த மாதம் பெங்களூரில் இதை விளக்கிய ராமன், தம் உரைக்கு வைத்த தலைப்பு ‘ஒரு புதிய கதிர்வீச்சு’. ‘ராமன் விளைவு’ என்று சொன்னவர்கள் மற்ற ஆய்வாளர்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு வரி விளக்கம் எழுத அவர்களுக்கு நேரம் ஏது? ஆனால், அதே ஆண்டில் மாஸ்கோவிலும் இருவர் இதே விளைவைப் படிகங்களில் கண்டனர். அதனால் ரஷ்ய மொழியில் இதற்கு ராமன் பெயர் இல்லாத வேறொரு பெயர் வழங்குகிறது.

பொதுவாகக் கலைச்சொல்லில் இடம்பெறுவது குடும்பப் பெயர். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. நம் அடையாள அட்டையில் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பவற்றுக்குப் பின் வருவது அப்பாவின் பெயர். அந்தக் காலச் சென்னை வழக்கிலோ அப்பாவின் பெயர் முன்னால் வரும். சொந்தப் பெயர் கடைசியில் நிற்கும். சந்திரசேகர வெங்கட ராமன் என்பதில் முதல் சொல் அப்பாவின் பெயர். சொந்தப் பெயரான வெங்கடராமன் இரண்டாகப் பிரிந்து, அதில் பாதிதான் கலைச்சொல்லாயிற்று!

ராமனின் அண்ணன் சுப்பிரமணியன். அவருடைய மகனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள்: சந்திரசேகர். மேல்நாட்டார் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டதால், இவருடைய சொந்தப் பெயரே இயற்பியலில் நின்றது. முதல் சொல்லை எடுத்திருந்தால் ‘சுப்பிரமணியன் வரம்பு’ என்று படித்துக்கொண்டிருப்போம்.

சரி, அது என்ன வரம்பு? எரிபொருள் தீர்ந்த விண்மீனின் மையப் பகுதியை ஈர்ப்பு விசை உள்நோக்கி நெருக்கும். ஓர் எல்லைக்குமேல் நெருங்க மறுக்கும் எலக்ட்ரான்கள் அதைத் தடுத்து நிறுத்தும். இப்படி நின்றுபோனது ‘வெள்ளைக் குள்ளன்’. நம் சூரியனின் முடிவும் இதுதான். 1930இல் சென்னையில் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காக இங்கிலாந்து புறப்பட்ட 19 வயதுச் சந்திரசேகர், கப்பலில் ஒரு கணக்குப் போட்டார். எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கினால் என்னவாகும்? ஐன்ஸ்டீனின் சார்பியலைச் சேர்த்துப் பார்த்தபோது, பொருண்மை ஓர் அளவைத் தாண்டினால் எலக்ட்ரான்களால் தாங்க முடியாது என்று தெரிந்தது. இன்று அந்த அளவு சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதற்கும் மேற்பட்ட மையப் பகுதி நியூட்ரான் விண்மீனாகவோ கருந்துளையாகவோ சுருங்கும்.

1935 ஜனவரியில் லண்டன் வானியல் கழகத்தில் சந்திரசேகர் இதை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் அன்றைய புகழ்பெற்ற வானியலாளர் ஆர்தர் எடிங்டன். ஒரு விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்று அவர் கேலி செய்தார், கூட்டம் சிரித்தது. 24 வயது இளைஞருக்கு ஆதரவாக அங்கே யாரும் பேசவில்லை. அவர் சண்டையை வளர்க்காமல், தம் கணக்குகளை ஒரு நூலில் எழுதி வைத்துவிட்டு வேறு ஆய்வுக்குப் போனார். 1983இல் நோபெல் பரிசு வந்தது. எட்மண்ட் ஸ்டோனர் என்ற ஆங்கிலேயரும் அதே 1930 வாக்கில் இத்தகைய வரம்பைக் கணக்கிட்டிருந்தார். அவர் பெயர் இதில் நிலைக்கவில்லை. பெயர் சூட்டுவதில் நியாயம் எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எடிங்டனுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரு விண்மீன் எவ்வளவு பிரகாசமாக இருக்கலாம் என்பதைச் சொல்வது ‘எடிங்டன் வரம்பு’. அதைத் தாண்டினால், வெளியேறும் ஒளியின் அழுத்தமே ஈர்ப்பை வென்று விண்மீனின் மேற்பரப்பைத் தள்ளிவிடும். வானியற்பியல் படிப்பவர்கள் இந்த இரண்டு வரம்புகளையும் கற்கத்தான் வேண்டும்.

1999இல் நாசா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு, சந்திரசேகரை நண்பர்கள் கூப்பிட்ட பெயரையே வைத்தார்கள்: ‘சந்திரா’. அந்த வரம்பைத் தாண்டிச் சுருங்கிய விண்மீன்களையும் அது படம் பிடிக்கிறது.