வாக்கும் காணியும்: யாழ்ப்பாணத்துப் பெண்ணுரிமை முயற்சிகள்

ஒரு சமுதாயத்திலே பெண் பெற்றிருக்கும் நிலையை அளந்தறிவதற்கு இரண்டு வினாக்களுக்கு விடை காண்டல் வேண்டும். நாட்டின் ஆட்சியிலே அவளுக்குப் பங்குண்டா என்பது ஒன்று. தன் பொருளைத் தன் விருப்பின்படி ஆளும் உரிமை அவளுக்குண்டா என்பது மற்றொன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரையில் முதல் வினாவுக்கு 1931ஆம் ஆண்டிலேயே சட்டம் விடை கூறிவிட்டது. இரண்டாம் வினாவோ இன்னும் தீர்ந்தபாடில்லை.

வாக்குரிமை

1927ஆம் ஆண்டிற் கொழும்பிலே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. சிங்களர், தமிழர், பறங்கியர் ஆகிய பல இனத்துப் பெண்களும் அதன்கண் ஒருங்கு கூடினர். அக்னஸ் டி சில்வா அம்மையாரும், யாழ்ப்பாணத் தமிழரை மணந்து இந்நாட்டிலே வாழ்ந்த கனடிய மருத்துவர் மேரி இரத்தினம் அம்மையாரும் அதன் முன்னணியில் நின்றனர். அச்சங்கத்தார் டொனமூர் ஆணைக்குழுவின் முன்னிலையிலே சாட்சியம் அளித்தனர். அதனை எதிர்த்தவர்களுள் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். 1913ஆம் ஆண்டில் மருதனார்மடத்திலே பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய அப்பெரியார், கல்வியைப் பெண்ணுக்கு உரியதெனக் கொண்டும் வாக்கினை அவ்வாறு கொள்ளவில்லை. எனினும் 1931ஆம் ஆண்டில் ஆண், பெண் இருபாலாரும் வாக்குரிமை பெற்றனர்.

குடாநாட்டுப் பெண்களுக்கு அவ்வுரிமை உடனே பயன்படவில்லை. முழுமையான தன்னாட்சி வேண்டி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு அவ்வாண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தமையாற் குடாநாட்டுத் தொகுதிகள் வெறுமையாய்க் கிடந்தன. 1934ஆம் ஆண்டிலேயே அவற்றுக்குத் தேர்தல் நடைபெற்றது. அதற்கிடையில், 1932ஆம் ஆண்டிலே நேசம் சரவணமுத்து அம்மையார் வடகொழும்புத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகிவிட்டார்.

தேசவழமை

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவிலே தொகுப்பித்தனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் அதற்குச் சட்ட வலு அளித்தனர். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்து அதிலே மூவகைப்படும். பிறந்த வீட்டிலிருந்து பெண் கொணரும் சீதனம் அவளுக்கே உரியது. பெண்ணுக்குச் சொத்தில்லை எனக் கூறும் சமுதாயங்கள் பலவிருக்க, பெண்ணின் பெயரிலே காணியும் வீடும் எழுதும் இவ்வழக்கம் சிறப்புடையதே.

ஆயினும் உடைமை வேறு, ஆளுகை வேறு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மணமான பெண் தன் காணியை விற்கவோ, ஈடுவைக்கவோ, நன்கொடையாக எழுதவோ கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். கணவன் தன் தனிச்சொத்தை விற்பதற்கு மனைவியின் சம்மதம் வேண்டப்படுவதில்லை. 1923ஆம் ஆண்டில் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் பொதுச்சட்டத்துக்கு உட்பட்ட பெண்களை இத்தளையினின்றும் விடுவித்தது. தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழருக்கோ அது பொருந்தாதென விலக்கப்பட்டது.

இவ்விதி குடும்பக் காணி சிதையாமற் காக்கும் அரண் என்பர் ஒரு சாரார். காத்தலே நோக்கமாயின் அவ்வரண் இருவர் சொத்துக்கும் வேண்டுமன்றோ? ஒருவரை மட்டும் கட்டுப்படுத்தும் விதியைக் காவல் எனக் கூறுதல் பொருந்தாது.

போரின் விளைவு

போர்க்காலத்தில் இக்குறை பெருந்துன்பமாயிற்று. கணவன் காணாமற் போயின், உறுதியிற் கையொப்பமிட யாரை அழைப்பது? இறந்தான் எனச் சான்றிதழ் பெற மனம் ஒப்பாது. உயிரோடிருப்பின் சம்மதம் பெற வழியில்லை. கணவன் இருக்குமிடம் தெரியாதவிடத்தும், அவன் மனைவியைக் கைவிட்டவிடத்தும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தவிடத்தும் மாவட்ட நீதிமன்றம் அச்சம்மதத்துக்கு ஈடாக அனுமதி அளிக்கலாம் என அதே சட்டம் கூறுகின்றது. ஆனால் மகளின் மணத்துக்கோ மகனின் கல்விக்கோ சொந்தக் காணியை ஈடுவைக்க எண்ணும் பெண், வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்து நீதிமன்றப் படியேறுதல் எளிதன்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் காணாமற் போனோருக்குக் காணாமைச் சான்றிதழ் வழங்க வழிவகுத்தமை இறப்புச் சான்றிதழ் பற்றிய இடர்ப்பாட்டை ஓரளவு தணித்தது.

கூட்டின் வலிமை

இத்தகைய துன்பங்களைத் தனித்தனிப் பெண்கள் பேசுதல் அரிது. ஆதலாற் கூட்டங்கள் எழுந்தன. இளைஞர் கைதுசெய்யப்படுவதை எதிர்த்து 1984ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றிற்று. பெண்கள் ஆய்வு வட்டம் 1986ஆம் ஆண்டிற் ‘சொல்லாத சேதிகள்’ என்னும் கவிதைத் தொகுதியை வெளியிட்டது. போரினாற் பாதிக்கப்பட்ட பெண்களுக்குப் புகலிடமாகப் பூரணி இல்லம் அமைந்தது. அதன் பணியோடு தொடர்புடைய மருத்துவ விரிவுரையாளர் ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் கொல்லப்பட்டார். போர் முடிந்தபின் வடக்கு, கிழக்குப் பெண்கள் அமைப்புகள் பல ஒருங்கிணைந்து சட்ட உதவி அளித்து வருகின்றன.

எஞ்சியுள்ள தடை பெரிது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 12ஆம் உறுப்புரையிற் பால் வேறுபாட்டை விலக்குகின்றது. 16ஆம் உறுப்புரையிலோ, அடிப்படை உரிமைகளோடு முரண்படினும் முன்னிருந்த சட்டங்கள் செல்லும் எனக் கூறுகின்றது. ஆதலின் நீதிமன்றத்தில் 6ஆம் பிரிவை வீழ்த்துதல் அரிது. சட்டமன்றமே அதனைத் திருத்தல் வேண்டும். உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு நூற்றுக்கு 25 இடம் ஒதுக்கும் சட்டம் 2016ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. வாக்கினால் மன்றம் புகுந்த பெண்களும், வெளியே நின்று உழைக்கும் சங்கங்களும் ஒருமுகப்படின் காணி பற்றிய வினாவும் சட்டமன்றத்தை எட்டும். சீதன உறுதியிலே பெண்ணின் பெயரை எழுதிய சமுதாயம், அக்காணியின்மேல் அவள் தனித்திடும் கையொப்பத்தையும் செல்லுபடியாக்குதல் முறையே.