கண்ணுக்குத் தெரியாத ஒளி தரும் படிகம்!

ஏற்காடு மலை அடிவாரத்தில், சேலம் பக்கத்தில் வெள்ளை வெளேர் என்று கல்லும் மண்ணும் கிடக்கும். வெள்ளைக்காரர்கள் அதைச் "சுண்ணாம்புக் குன்று" என்றார்கள்.

ஆனால் அது சுண்ணாம்பு அல்ல! "மக்னசைட்" என்ற தாது. உருக்கு உலைகளுக்கு வேண்டிய செங்கல் செய்ய, அதை வெட்டி எடுத்தார்கள். அதில் இருக்கும் உலோகம், மக்னீசியம்.

அதே உலோகம் கலந்த ஓர் அதிசயப் படிகத்தை வெளிநாட்டு விஞ்ஞானிகள் வளர்த்து இருக்கிறார்கள். அதன் பெயர், பேரியம் மக்னீசியம் புளோரைடு.

எதற்காக?

ஊதா நிறத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று உண்டு. அதுதான் புற ஊதா ஒளி. பார்வைக் குறையை நீக்கும் லேசர் ஆபரேஷனுக்கு இது பயன்படுகிறது. அந்தக் கருவிக்குள் புளோரின் என்ற விஷ வாயுவைச் சேர்த்து அடைக்க வேண்டும்.

விஷ வாயு இல்லாமல், படிகத்தைக் கொண்டே இந்த ஒளியை உண்டாக்க முடியாதா? அதற்குத்தான் இந்த ஆராய்ச்சி!

அழிந்த புள்ளி

1961-ம் ஆண்டு, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிராங்கன் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் சிவப்பு லேசர் ஒளியை ஒரு குவார்ட்ஸ் படிகத்துக்குள் செலுத்தினார்கள். மறுபக்கம் துளி அளவு புற ஊதா ஒளியும் வந்தது! போட்டோவில் அது சிறு புள்ளியாகப் பதிந்தது. அச்சிட்டவர்கள், ஏதோ அழுக்கு என்று எண்ணி அதை அழித்து விட்டார்கள்!

ஊஞ்சல் ரகசியம்

அந்தத் துளியைப் பெருக்குவது எப்படி?

ஊஞ்சலை ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டே இருந்தால் வேகம் கூடாது. ஊஞ்சல் திரும்பும்போது நாமும் திசையை மாற்றித் தள்ள வேண்டும். ஒளியும் அப்படித்தான். படிகத்துக்குள் கொஞ்ச தூரம் போனதும், முன்பு பிறந்த புது ஒளியைப் பின்பு பிறக்கும் ஒளி அழிக்கத் தொடங்கும்.

இந்தப் படிகத்துக்குள் பிளஸ், மைனஸ் என்று மின்சாரப் பக்கங்கள் உண்டு. வெளியில் இருந்து அதிக மின்சார அழுத்தம் கொடுத்தால், அவை இடம் மாறி அப்படியே நிற்கும். இதுதான் "பெர்ரோ எலெக்ட்ரிக்" குணம். தலைமுடியை விட மெல்லிய பட்டை பட்டையாக இப்படி மாற்றினால், ஒளி அழியாமல் வளர்ந்துகொண்டே போகும்! ஜப்பான் விஞ்ஞானிகள் இதைச் செய்து காட்டினார்கள்.

லித்தியம் நையோபேட் போன்ற படிகங்களிலும் பட்டை போடலாம். ஆனால் அவை புற ஊதா ஒளியை விழுங்கி விடும். இதுவோ வழி விடும்!

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982-ம் ஆண்டு படிக வளர்ச்சி மையம் தொடங்கப்பட்டது. படிகம் வளர்க்கும் கலை நம் பிள்ளைகளுக்கும் புதிது அல்ல.

இனி வேண்டியது, பட்டைகளை இன்னும் மெல்லியதாக, பிசகாமல் போடும் திறமை. அது கைகூடினால், கண் ஆஸ்பத்திரியில் விஷ வாயுவுக்கு வேலை இருக்காது!